ஈரப்பதம் பார்க்கிறோம், ஏஜென்ட்டைப் பார்ப்பதில்லை

2024 ஜூன் 12, வழக்கப்படி மேட்டூர் அணை திறக்க வேண்டிய நாள். அந்த ஆண்டு அணையில் போதிய தண்ணீர் இல்லை. குறுவைக்கு மதகு தூக்கவில்லை. அன்று அதிகாலையில்தான் குவைத்தின் மங்காஃப் பகுதியில், வெளிநாட்டுத் தொழிலாளர்களை அடைத்து வைத்திருந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று தீப்பிடித்தது. இறந்த இந்தியர்கள் 45 பேர். அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டவர். ஒருவர் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். விமானப்படை விமானம் உடல்களைக் கொச்சியில் கொண்டுவந்து இறக்கியது.

தண்ணீர் வராததைப் பற்றி எப்படிப் பேசுவது என்று காவிரி டெல்டாவுக்குத் தெரியும். அணையில் எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி, கர்நாடகம் எத்தனை டி.எம்.சி. பாக்கி என்று டீக்கடையில் உட்கார்ந்திருப்பவரே விரல்விட்டுச் சொல்வார். ஜூலை 28இல் அணை திறந்தது, பேச்சு சம்பாவுக்கு நகர்ந்தது. ஆனால் குவைத்தில், கத்தாரில், சிங்கப்பூரில் நம் மயிலாடுதுறை மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர், எந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று கேட்டு எந்தச் சங்கமும் சாலை மறியல் செய்ததாக நினைவில்லை. டெல்டாவில் வீட்டுக்கு வீடு வருமானம் வருவது வயலிலிருந்து மட்டும்தான் என்று இன்னமும் ஒரு பாவனை இருக்கிறது. அந்தப் பாவனையை விட்டுவிட்டு யோசிக்க வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

இதைப் பேச நேபாளத்திலிருந்து தொடங்குவது எனக்கு வசதி. 2025 செப்டம்பர் 4இல் அந்த நாட்டு அரசு முகநூல், வாட்ஸ்அப், யூடியூப் உள்ளிட்ட 26 சமூக ஊடகங்களை முடக்கியது. 8ஆம் தேதி இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். பலர் பள்ளி, கல்லூரிச் சீருடையில் இருந்தார்கள். அன்று ஒரே நாளில் 19 உயிர்கள் போயின. மறுநாள் பிரதமர் சர்மா ஒலி பதவி விலகினார். நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. 12ஆம் தேதி முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்கி இடைக்காலப் பிரதமரானார். நம் தொலைக்காட்சி விவாதங்களில் இதற்குக் கிடைத்த விளக்கம், 'செல்போனைப் பிடுங்கினால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஆட்சியையே பிடுங்கிவிடுவார்கள்' என்பதுதான்.

அந்த விளக்கம் விட்டுவிட்ட கணக்கு ஒன்று உண்டு. நேபாளத்தின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, குடும்பத்தை விட்டு வெளிநாட்டில் இருப்பவர்கள் என்று 21 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கணக்கிட்டது. நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல். அவர்கள் அனுப்பும் பணம் நாட்டின் மொத்த உற்பத்தியில் கால் பங்கைத் தாண்டும். இப்படிப்பட்ட வீட்டில் வாட்ஸ்அப் பொழுதுபோக்கு இல்லை. தோகாவிலிருக்கும் கணவன் பிள்ளையின் முகம் பார்ப்பதும், கோலாலம்பூரில் காவலாளியாக நிற்கும் மகன் அம்மா மருந்து வாங்கினாளா என்று கேட்பதும் அதில்தான். தசைன் பண்டிகை நெருங்கும் நேரத்தில் அதை அறுத்தால் என்ன ஆகும் என்பது நீடூரிலோ வடகரையிலோ இருக்கும் ஒரு தாய்க்குச் சொல்லாமலே புரியும். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு எடுக்காது. அதற்காகவே பாட்டி வரைக்கும் 'போட்டிம்' இறக்கி வைத்திருக்கிற வீடுகள் நம்மிடம் ஏராளம். ஊழலும், அரசியல்வாதிகளின் பிள்ளைகள் காட்டிய ஆடம்பரமும்தான் அந்தக் கோபத்தின் விறகு. ஆனால் விறகு நெடுநாளாக அடுக்கியே இருந்தது. வீட்டோடு பேசும் வழியை அடைத்தபோதுதான் பற்றியது.

நேபாளம் என்றால் நமக்கு மலை, பனி, இரவில் விசில் ஊதும் கூர்க்கா. அந்த நாட்டின் நெற்களஞ்சியம் மலையில் இல்லை. பீகாரை ஒட்டிய தராய்ச் சமவெளியில் மாதேஷ் மாகாணம் இருக்கிறது. சட்டென்று பார்த்தால் குத்தாலம் பக்கம் என்றே தோன்றும் வயல்வெளி. அங்கே ஆஷாட மாதம் 15ஆம் நாளை நெல் நாளாகவே கொண்டாடுகிறார்கள். வெளிநாட்டு வேலைக்கு அதிகம் பேரை அனுப்பும் மாவட்டங்களில் முன்வரிசையில் நிற்பதும் அதே மாகாணத்தின் தனுஷாதான். நெல் விளைகிற இடத்திலிருந்துதான் ஆள் போகிறது. தண்ணீரும் மண்ணும் இருந்தும் ஏன் போகிறார்கள் என்ற கேள்வி அங்கும் இங்கும் ஒன்றே. (தனுஷாவின் தலைமையிடமான ஜனக்பூருக்குப் போய்க்கொண்டிருந்த பழைய குறுகிய பாதை ரயில் 2014இல் நின்றது, அகலப்பாதையாகி 2022இல் மீண்டும் ஓடியது. மயிலாடுதுறை - தரங்கம்பாடி ரயில் 1986இல் நின்றது. நாம் இன்னும் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.)

நம் கணக்கைப் போடுவோம். 2025-26 பருவத்தில் சன்னரக நெல் குவிண்டாலுக்கு மாநில ஊக்கத்தொகை சேர்த்து 2,545 ரூபாய். வானமும் வாய்க்காலும் கைகொடுத்து ஏக்கருக்கு முப்பது மூட்டை கண்டால், சுமார் 18 குவிண்டால். வரவு 45 ஆயிரத்துச் சொச்சம். உழவு, விதை, நடவு, உரம், மருந்து, அறுவடை எந்திர வாடகை, கொள்முதல் நிலையத்தில் கொடுத்துப் பழகிப்போனது எல்லாம் கழித்தால் கையில் நிற்பது இதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. குத்தகை நிலமாக இருந்தால் அதுவும் இல்லை. இரண்டு ஏக்கர்க்காரர் இரண்டு போகம் பார்த்தாலும், வருஷம் முழுக்க உழைத்ததற்கு ஒரு மகனை இன்ஜினீயரிங் படிக்க வைக்கும் கட்டணம்கூட வராது. இது நல்ல வருஷத்துக் கணக்கு. 2022 நவம்பர் 11இல் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த மாதிரி வருஷத்துக்குக் கணக்கே கிடையாது. அப்போது சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். மூழ்கிய சம்பாவைப் பார்த்துக்கொண்டு நின்ற இருபத்திரண்டு வயதுப் பையன் அன்றைக்கு என்ன முடிவெடுத்திருப்பான் என்று ஊகிக்கச் சிரமமில்லை.

வயல் வேண்டாம் என்றால் அரசு வேலை. 2025 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வு அறிவிக்கப்பட்டபோது காலியிடம் 3,935. விண்ணப்பித்தவர்கள் சுமார் 13.9 லட்சம். ஓர் இடத்துக்கு 350 பேர். விடிகாலையில் மைதானத்தைச் சுற்றி ஓடும் பையன்கள் காவலர் தேர்வுக்கும் அக்னிவீருக்கும் ஒரே ஓட்டமாக ஓடுகிறார்கள். நான்கு வருஷத்தில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பிவிடும் அக்னிபத் வந்தபின் நேபாளம் தன் பிள்ளைகளை இந்தியப் படைக்கு அனுப்புவதையே நிறுத்திவைத்திருக்கிறது. 1947 முத்தரப்பு ஒப்பந்தத்தின் வழி தலைமுறைகளாகத் திறந்திருந்த கதவு அது.

மயிலாடுதுறை 2020 டிசம்பர் 28இல் தனி மாவட்டம் ஆனது. மாநிலத்தின் 38ஆவது. ஆட்சியரகம் வந்தது, எஸ்.பி. அலுவலகம் வந்தது. ஆனால் ஏ.வி.சி. கல்லூரியிலும் தருமபுரம் கல்லூரியிலும் பூம்புகார் கல்லூரியிலும் பட்டம் வாங்குகிறவர்களுக்கு ஊரில் கிடைப்பது ஜவுளிக்கடை, நகைக்கடை, செல்போன் கடை, தனியார் பள்ளி, நிதி நிறுவன வசூல். சம்பளத்தை வெளியே சொன்னால் பெண் கொடுக்க மாட்டார்கள். டெல்டா 2020இலிருந்து பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். புதிய எண்ணெய்க் கிணறுகளிடமிருந்து நிலத்தைக் காத்த அந்தச் சட்டத்தை நான் மனதார வரவேற்றவன். இன்றும் அந்த நிலையில்தான் இருக்கிறேன். ஆனால் நிலத்தைப் பாதுகாத்தவர்கள் நிலத்தில் பிறந்த பிள்ளைக்கு என்ன வேலை என்று யோசிக்காமலே எழுந்து போய்விட்டார்கள். அரிசி ஆலை, தவிடு எண்ணெய், விதை உற்பத்தி, மீன் பதப்படுத்தல் என்று நெல்லையும் கடலையும் சுற்றியே ஆயிரம் செய்யலாம். பேசியதோடு சரி.

ஆகவே ரயில் ஏறுகிறார்கள். உழவன் விரைவு ரயிலில் சென்னைக்கு; ஜன் சதாப்தியில் திருப்பூருக்கும் கோவைக்கும். அவர்கள் விட்டுப்போன நடவை மேற்கு வங்கத்திலிருந்து வரும் குழுக்கள் நடுகின்றன. கயிறு பிடித்து, பேசிக்கொண்டே, நம் ஆட்கள் எடுக்கும் நேரத்தில் பாதியில் முடித்துவிடுகிறார்கள். வந்தவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. நம் பிள்ளை சிங்கப்பூரின் துவாஸில் செய்வதைத்தான் அந்தப் பிள்ளை திருவாலங்காட்டில் செய்கிறான்.

கடல் கடப்பது டெல்டாவுக்குப் புதிதில்லை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 'ரஜூலா' போனது. பிறகு 'சிதம்பரம்' போனது. 1985இல் அந்தக் கப்பல் தீப்பிடித்ததோடு அந்தப் பயணமும் முடிந்தது. இப்போது திருச்சி விமான நிலையம். 2015இல் எடுக்கப்பட்ட தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டவர் சுமார் 22 லட்சம் என்றது, முதலிடம் சிங்கப்பூருக்கு. 'ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா' என்று இன்றும் பெருமை பேசுகிறோம். பேசுகிறவர்களில் பலர் அதைச் சிங்கப்பூரின் தேக்காவிலிருந்தும் துபாயின் தேராவிலிருந்தும் பேசுகிறார்கள்.

போவது எப்படி என்பதில்தான் என் வழக்கு இருக்கிறது. "டெஸ்ட் அடிச்சிட்டேண்ணே, கம்பெனிக்கு வெயிட்டிங்" என்று ஒரு பையன் சொன்னால், சிங்கப்பூர்க் கட்டுமான வேலைக்கான திறன் தேர்வில் தேறிவிட்டான், அதற்கே வீட்டில் ஒரு நகை அடகுக்குப் போய்விட்டது என்று பொருள். அடுத்தது ஏஜென்ட். எஸ் பாஸா, ஒர்க் பர்மிட்டா, ஷிப்யார்டா என்பதற்கேற்பத் தொகை லட்சங்களில் ஏறும். வளைகுடாவுக்கு 'ஆசாத் விசா' என்று ஒன்று சொல்வார்கள். பேர்தான் சுதந்திரம், இறங்கியபின் வேலையும் இல்லை, இக்காமா எனும் குடியிருப்பு அனுமதியும் கபீல் எனும் புரவலரின் கையில். சட்டப்படி, பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் ஒருவர் தொழிலாளியிடம் வாங்கத்தக்க சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30 ஆயிரம் ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். இந்த ஒரு வரியை மயிலாடுதுறைப் பேருந்து நிலையத்தில் எழுதிப் போட்டிருந்தால் எத்தனை குடும்பங்களுக்குக் கடன் பாதியாகியிருக்கும்?

இதில் படித்தவனுக்கு இன்னொரு கூத்து இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில்தான் 'இ.சி.ஆர்.' குறி இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும். அப்போது வேலை ஒப்பந்தம் பார்க்கப்படும், பத்து லட்சம் ரூபாய்க் காப்பீடு கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு அதன் கட்டணம் வெறும் 275 ரூபாய். தமிழ்நாட்டில் இன்றைக்குப் பத்தாம் வகுப்புத் தேறாத இளைஞரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாலிடெக்னிக் முடித்துவிட்டுப் போகிறவனை எந்த அதிகாரியும் நிறுத்திக் கேட்பதில்லை. சிங்கப்பூரோ அந்த நாடுகளின் பட்டியலிலேயே இல்லை. அதாவது, பிள்ளைகளைப் படிக்க வைத்ததில் நாம் முந்திவிட்டோம். அதனாலேயே பாதுகாப்புச் சட்டத்தின் வாசலுக்கு வெளியே நிற்கிறோம். அந்தப் பழைய சட்டத்தை மாற்றும் வரைவை ஒன்றிய அரசு 2025இல் வெளியிட்டது. எத்தனை கிராமங்களில் அது பேசப்பட்டது?

பெண்கள் விஷயத்தில் தடை ஒன்று உண்டு: இ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருக்கும் 30 வயது நிரம்பாத பெண் வீட்டு வேலைக்கு அந்நாடுகளுக்குப் போகக் கூடாது. நல்லெண்ணம்தான். நேபாளமும் 2017இல் வளைகுடா வீட்டு வேலைக்குப் பெண்கள் போவதைத் தடுத்தது. அவர்கள் டெல்லி வழியாகப் போகத் தொடங்கினார்கள், கணக்கில் வராமல். நம் பெண்கள் 'விசிட் விசா'வில் போகிறார்கள். தடை போட்ட இடத்தில் ஏஜென்ட்டின் கட்டணம் கூடுகிறது, அவ்வளவுதான்.

ஏமாற்று வேலையின் புது முகம் தாய்லாந்து. 'டேட்டா என்ட்ரி, நல்ல சம்பளம்' என்று பாங்காக்கில் இறக்கி, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்து, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடித்தார்கள். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டு இளைஞர்கள் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். கணினி தெரிந்த, ஆங்கிலம் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இவர்கள். நேபாளத்துப் பிள்ளைகளும் இதே வலையில் விழுந்தார்கள். ரஷ்யப் படைக்கு ஆள் பிடிக்கும் வலையிலும் விழுந்தார்கள், நம்மவர்களும் சிலர் விழுந்தார்கள். அப்பாவி, படிக்காதவன், பேராசைக்காரன் என்று சொல்லி ஒதுக்குவது நமக்கு நிம்மதி தரலாம், உண்மையைச் சொல்லாது. சரிபார்க்க ஓர் இடம் இல்லாதவன் யாரை நம்புவான்? பக்கத்துத் தெருவில் கார் வாங்கியவனைத்தான் நம்புவான்.

போன பிறகு இருக்கும் கவலைகள் ஊடகத்தில் வராது. கடன் அடைய முதல் ஒன்றரை வருஷம். லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போய், அதே லாரியில் தூங்கி வழிந்து திரும்புவது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைத்து, சிறுநீரகம் கெட்டுத் திரும்பும் இளைஞர்களைப் பற்றி நேபாள மருத்துவர்கள் பல வருஷமாக எச்சரிக்கிறார்கள். அதே வெயிலில் நம் பிள்ளைகளும் நிற்கிறார்கள், நாம் எண்ணிப் பார்த்ததில்லை. தங்கைக்குச் சீர், அப்பாவுக்கு ஸ்டென்ட், வீட்டுக்கு டைல்ஸ் என்று ஒவ்வொரு மாதமும் ஒரு பட்டியல் போகும். ஊரிலிருப்பவர்களுக்கு அவன் ஒரு ஏ.டி.எம். என்று கோபமாகச் சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். இங்கே காத்திருக்கும் மனைவியின் பக்கம் வேறு பட்டியல்: பிள்ளையின் காய்ச்சல், மாமியாரின் சந்தேகம், கேஸ் புக்கிங்கிலிருந்து கொத்தனார் கூலி வரைக்கும் தனியாள் நிர்வாகம். அவள் ஒரு டிகிரி முடித்தவளாகவும் இருப்பாள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலை விடுதிகளுக்குப் போகும் நம் பெண்பிள்ளைகளின் கதை இதன் உள்நாட்டுப் பதிப்பு. ஊர் மட்டும்தான் வேறு, படுக்கை அதே இரும்புக் கட்டில்தான்.

எல்லாவற்றையும்விடக் கடினம் திரும்பி வருவது. இருபத்தைந்தில் போனவன் நாற்பத்தைந்தில் சர்க்கரையோடும் முதுகுவலியோடும் வருகிறான். வீடு இருக்கிறது, வேலை இல்லை, பி.எஃப். இல்லை. ஏ.சி. மெக்கானிக்காக, வெல்டராக, சாரம் கட்டும் போர்மேனாக இருபது வருஷம் சேர்த்த தொழிலறிவுக்கு இங்கே சான்றிதழ் கிடையாது. ஒரு மினி லாரியோ பிரியாணிக் கடையோ போட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி விசாவுக்கு அலைகிறான். கேரளம் இதற்கென்று 1996இலேயே தனித் துறை அமைத்தது. 2008இல் சட்டம் போட்டு, பங்களிப்புச் செலுத்தியவருக்கு அறுபது வயதில் ஓய்வூதியம் தருகிறது. நாம் 2011இல் சட்டம் போட்டோம். வாரியம் உருப்பெற்று அடையாள அட்டை, காப்பீடு என்று நகரத் தொடங்கியதே இந்தச் சில ஆண்டுகளில்தான். ஜனவரி 12இல் அயலகத் தமிழர் தினம் சென்னையில் விமரிசையாக நடக்கிறது. மேடையில் இருப்பவர்கள் அமைச்சர்களும் தொழிலதிபர்களும். துவாஸ் ஷிப்யார்டுப் பையனுக்கு அன்றைக்கு ஓவர்டைம்.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. மன்னம்பந்தலில் இருக்கும் மயிலாடுதுறை ஆட்சியரகத்தில் ஒரு மேசை. ஏஜென்ட் கொடுத்த தாளைக் கொண்டுபோய்க் காட்டினால், பதிவு எண்ணை அரசின் இ-மைகிரேட் தளத்தில் தட்டிப் பார்த்து, உண்மையா போலியா என்று பத்து நிமிடத்தில் சொல்ல ஓர் ஆள். ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துச் சொல்ல, 275 ரூபாய்க் காப்பீட்டைப் பற்றிச் சொல்ல, போகிறவர் பெயரையும் இருக்கும் முகவரியையும் பதிந்து வைக்க, திரும்பி வந்தவருக்குத் திறன் சான்றிதழ் வாங்கித்தர ஓர் ஆள். இறந்துபோனால் உடலைக் கொண்டுவர, திங்கள்கிழமை குறைதீர் நாளில் குடும்பம் மனுவோடு வரிசையில் நிற்காமலிருக்க ஓர் ஆள். 2025 அக்டோபரில் டெல்டாவில் நெல் மழையில் நனைந்தபோது மத்தியக் குழு டெல்லியிலிருந்து வந்து, மூட்டைக்குள் கைவிட்டு ஈரப்பதம் பார்த்துவிட்டுப் போனது. பதினேழு சதவீதமா இருபத்திரண்டா என்று நாடே விவாதித்தது. விவாதிக்கட்டும், அதில் விவசாயியின் உயிர் இருக்கிறது. அதே அக்கறையில் பத்தில் ஒரு பங்கு போதும் என்கிறேன்.

வசதி செய்து கொடுத்தால் எல்லோரும் போய்விடுவார்களே, வயலை யார் பார்ப்பது என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. வசதி இல்லாமலே போய்க்கொண்டுதானே இருக்கிறார்கள்? வயலில் நிற்பது கட்டும்படியானால் நிற்பார்கள். இன்னொரு எச்சரிக்கை நேபாளத்திடமிருந்து வருகிறது, அதையும் மறைக்கக் கூடாது. அங்கே தொழில் அனுமதி, பயணத்துக்கு முந்தைய வகுப்பு, நல நிதி எல்லாம் உண்டு. 2015இலேயே விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் முதலாளியே பணம் கட்ட வேண்டும் என்று விதி செய்தார்கள். ஆனாலும் தொழிலாளி முகவருக்குக் கட்டிக்கொண்டுதான் இருந்தான். போகிறவனுக்கு இத்தனை செய்த நாட்டிலும், ஊரில் வேலை உண்டாக்காத அரசை இளைஞர்கள் மன்னிக்கவில்லை.

இந்த மேசை ஏன் இதுவரை வரவில்லை என்பதற்கு அரசியல் காரணம் எளிது. வெளிநாட்டிலிருக்கும் இந்தியக் குடிமகன் வாக்காளராகப் பதியலாம். ஆனால் வாக்களிக்க நேரில் வர வேண்டும். ஒரு ஓட்டுக்காகத் திருச்சிக்கு டிக்கெட் எடுக்கக்கூடியவன் ஷிப்யார்டில் வேலை பார்க்க மாட்டான். வெளிநாட்டிலிருப்பவர்களுக்கு வாக்குரிமை செய்து கொடு என்று நேபாள உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னதும் ஏட்டோடு நின்றது. வாக்குச்சாவடிக்கு வராதவனைத் தேடி எந்தக் கட்சியின் வாக்குறுதியும் போகாது.

அவனுக்காகப் பேச ஊரில் இருப்பவர்கள் அவனுடைய அம்மாவும் மனைவியும்தான். அவர்களுக்கு ஓட்டு இருக்கிறது, கிராம சபையில் உட்கார இடமும் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருஷத்தில் பல முறை அது கூடுகிறது. நீடூரிலும் அரங்கக்குடியிலும் திருவிளையாட்டத்திலும் அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானம் போதும்: இந்த ஊராட்சியிலிருந்து வெளிநாட்டில் இருப்பவர்களின் பட்டியல் ஒன்று எடுக்கப்பட வேண்டும், பதிவு பெற்ற முகவர்களின் பெயரும் 30 ஆயிரம் உச்சவரம்பும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதப்பட வேண்டும். ஒரு டப்பா பெயிண்ட் செலவு. இதற்குச் சென்னையிலோ டெல்லியிலோ யாரிடமும் நிதி கேட்க வேண்டியதில்லை.